பைக் வீடியோவில் கோளாறு எங்கே இருக்கிறது? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

தேவகோட்டையிலிருந்து தெரிந்த தம்பி ஒருவர் இரவு பத்தரை மணிக்குக் கூப்பிட்டார். "அண்ணே, லேப்டாப்பை மாத்தித்தான் ஆகணும்போல. எடிட் பண்ண உக்காந்தா வீடியோ திக்கித் திக்கி ஓடுது." நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "கார்டுல இருக்கிற அசல் ஃபைலை அப்படியே போன்ல போட்டுப் பாத்தீங்களா தம்பி?" பார்த்திருக்கவில்லை. போட்டுப் பார்த்தார். ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. லேப்டாப் வாங்க வைத்திருந்த பணம் அன்றைக்குத் தப்பித்தது.

ஒரே காட்சி நான்கு இடங்களில் இருக்கிறது: கார்டில் உள்ள அசல், எடிட்டிங் டைம்லைன் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கி வெட்டும் இடம்), வெட்டி முடித்து எக்ஸ்போர்ட் செய்த ஃபைல், யூடியூபில் ஏற்றிய பிறகு தெரிவது. கோளாறு இந்த நான்கில் முதன்முதலாக எங்கே தலைகாட்டுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அசலிலேயே இருந்தால் கேமராவிலோ வண்டியிலோ வந்தது. டைம்லைனில் மட்டும் என்றால் கணினி திணறுகிறது, படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. எக்ஸ்போர்ட்டில் மட்டும் என்றால் ஏதோ ஒரு செட்டிங். ஏற்றிய பிறகு மட்டும் என்றால் யூடியூப் சுருக்குகிற முறை. இந்தப் பரிசோதனைக்கு இரண்டு நிமிடம் ஆகும். அதைச் செய்யாமல் இறங்கினால் ஒரு ராத்திரி முழுக்கப் போய்விடும்.

உதாரணங்கள் எல்லாம் எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்துச் சாலைகள். நகரத்தார் கோயில்கள் ஒன்பதையும் பைக்கிலேயே ஒரு சுற்று பார்த்துவிடலாம் என்று ஒரு தடவை கிளம்பினேன். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், கடைசியில் பிள்ளையார்பட்டி. இடையில் கானாடுகாத்தான், ஆத்தங்குடி. வண்டி ஓடிய நேரமெல்லாம் கேமராவும் ஓடியது. 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) வேகத்தில் எழுதும் 4கே பதிவு மணிக்கு 45 ஜிபி பிடிக்கும். ஐந்து மணி நேரத்துக்கு 225 ஜிபி. கீழே வரும் கோளாறுகளில் பாதி அந்த ஒரு பயணத்தில் நான் பார்த்தவை.

அசல் நன்றாக ஓடுகிறது, டைம்லைனில் மட்டும் திக்குகிறது

தம்பிக்கு வந்தது இதுதான். புது ஆக்‌ஷன் கேமராக்கள் பெரும்பாலும் 4கே காட்சியை எச்.265 முறையில் சுருக்கி எழுதுகின்றன. அதில் எல்லா ஃபிரேமும் (வீடியோவின் ஒவ்வொரு தனிப்படமும்) முழுசாக இருக்காது. ஒரு முழு ஃபிரேம், அதன் பின்னால் வருபவற்றில் என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும், அவ்வளவுதான். நேராக ஓட்டிப் பார்க்கும்போது கணினிக்கு இது சிரமமே இல்லை. நீங்கள் நடுவில் வெட்டி, முன்னும் பின்னும் தாவும்போது ஒவ்வொரு தடவையும் பழைய முழு ஃபிரேமுக்குப் போய் அங்கிருந்து கணக்குப் போட்டு வர வேண்டியிருக்கிறது. திக்குவது அதனால்தான்.

இதற்கு ப்ராக்ஸிதான் வழி. அசலுக்குப் பதிலாகச் சின்ன அளவில், வெட்டுவதற்கு வசதியான நகல் ஒன்றை உருவாக்கி அதில் வேலை செய்வது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில், கிளிப்புகள் இருக்கும் மீடியா பூலில் அவற்றைத் தேர்ந்து வலது க்ளிக் செய்தால் ப்ராக்ஸி உருவாக்கும் கட்டளை வரும். இரவுச் சாப்பாட்டுக்குப் போகும் முன் அதை ஓட விட்டுவிடுங்கள், திரும்பி வந்து உட்கார்ந்தால் வேலை வேகமாக நடக்கும். பழைய லேப்டாப்பே போதும். பிரீமியர் போன்ற மற்ற மென்பொருள்களிலும் இதே வசதி உண்டு.

ப்ராக்ஸியில் வேலை செய்தவர்களுக்கு மட்டும் வரும் கோளாறு ஒன்று இருக்கிறது. டைம்லைனில் எல்லாம் சரி, எக்ஸ்போர்ட் செய்தது மங்கலாக, பொடிப்பொடியாக இருக்கும். எக்ஸ்போர்ட் பக்கத்தில் ப்ராக்ஸியைப் பயன்படுத்தச் சொல்லும் பெட்டியில் டிக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிட்டு மறுபடி எக்ஸ்போர்ட் செய்தால் போதும்.

ப்ராக்ஸி போட்டும் அசைவு ஒரே சீராக இல்லாமல் துள்ளுகிறது என்றால் ஃபிரேம் கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 30 ஃபிரேமில் எடுத்ததை 24 ஃபிரேம் டைம்லைனில் போட்டால் சாலையோரப் புளியமரங்கள் வழுக்கிப் போகாமல் தத்தித் தத்திப் போகும். எந்த எண்ணில் எடுத்தீர்களோ அந்த எண்ணிலோ, 60-க்கு 30 என்பதுபோல் சரிபாதியிலோ டைம்லைனை அமையுங்கள். முதல் கிளிப்பைப் போடும் முன்பே இதை முடிவு செய்துவிடுவது நல்லது.

காட்சிகள் வரிசை மாறிக் கிடக்கின்றன

இது கோப்ரோ வைத்திருப்பவர்களுக்கு. நீளமான பதிவை அந்தக் கேமரா ஒரே ஃபைலாக எழுதாது, துண்டு துண்டாகத்தான் எழுதும். பெயரைக் கவனியுங்கள். ஜிஎக்ஸ்010123 என்றால் முதல் இரண்டு இலக்கம் துண்டின் எண், அடுத்த நான்கு இலக்கம் பதிவின் எண். அதாவது 0123-ஆம் பதிவின் முதல் துண்டு. அதன் இரண்டாம் துண்டு ஜிஎக்ஸ்020123. கணினி பெயர் வரிசையில் அடுக்கும்போது எல்லாப் பதிவுகளின் முதல் துண்டுகளும் முதலில் வந்துவிடும், இரண்டாம் துண்டுகள் அதற்குப் பின்னால் போய்விடும். மாத்தூர்க் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தியவன் அடுத்த நொடி நேமத்தில் இருப்பான்.

எடுத்த நேரத்தை வைத்து அடுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும், கேமராவில் தேதியும் நேரமும் சரியாக இருந்தால். பேட்டரி மாற்றிய பிறகு ஒரு தடவை அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் செய்வது இன்னும் எளிது: கோயிலுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் அந்தப் பதிவின் துண்டுகள். இணைப்பில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டால் ஒலியில் மட்டும் இரண்டு ஃபிரேம் அளவுக்கு கிராஸ்ஃபேட் (ஒரு ஒலி தேயத் தேய அடுத்தது எழுவது) போடுங்கள், போய்விடும்.

ஃபைல் திறக்கவே இல்லை

முதலில் அந்தக் கார்டில் புதிதாக எதையும் எடுக்காதீர்கள், ஃபார்மேட் செய்யாதீர்கள். எந்தக் காட்சி ஃபைலில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைக் கேமரா பதிவை நிறுத்தும்போதுதான் எழுதி முடிக்கும். சூட்டில் கேமரா நின்றாலோ பேட்டரி பட்டென்று போனாலோ அட்டவணை இல்லாமல் போகும். காட்சி உள்ளேதான் இருக்கும், திறக்க வழி இருக்காது. கார்டை அதே கேமராவில் போட்டு முழு பேட்டரியோடு இயக்குங்கள். பல கேமராக்கள் அரைகுறை ஃபைலைக் கண்டுபிடித்துத் தாமே சரிசெய்யப் பார்க்கும். அதுவும் ஆகவில்லை என்றால் அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதே கேமராவில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றை மாதிரிக்குக் கொடுத்தால் அதை வைத்து உடைந்த ஃபைலைக் கட்டித் தரும்.

சித்திரை வெயிலில் கோயில் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டில் கேமராவை ஓடவிட்டபடி உள்ளே போகாதீர்கள். ஓடும்போது காற்று பட்டுச் சூடு தணியும், நின்ற வண்டியில் அது கிடையாது. கார்டு வாங்கும்போது வி30 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் என்பதற்கான உறுதி அது. 100 எம்பிபிஎஸ் பதிவுக்கு நொடிக்கு 12.5 எம்பி போதும் என்பதால் தாராளமாகத் தாங்கும்.

பேச்சு கேட்கவில்லை, காற்றுதான் கேட்கிறது

பைக் வீடியோவில் பார்க்கிறவர்கள் சுமாரான படத்தைப் பொறுத்துக்கொள்வார்கள், சுமாரான ஒலியைப் பொறுக்கவே மாட்டார்கள். அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

அசலின் ஒலி அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். அலையின் உச்சிகள் கத்தரித்த மாதிரித் தட்டையாக இருந்தால் மைக் திணறி ஒலி உடைந்துவிட்டது. அதை எந்த ஃபில்டரும் முழுசாக மீட்டுத் தராது. அந்தப் பகுதிக்கு வீட்டில் உட்கார்ந்து புதிதாகக் குரல் கொடுப்பதுதான் நேர்மையான வழி. உச்சிகள் உருண்டையாக இருந்து, அடியில் 'பூ...' என்ற இரைச்சல் மட்டும் இருந்தால் காப்பாற்றலாம். காற்றின் உறுமல் பெரும்பாலும் அடிமட்ட அதிர்வெண்களில் இருக்கிறது. அடிமட்ட ஒலியை வடிகட்டும் ஹை பாஸ் ஃபில்டரை 100 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஆண் குரல் மெலிந்து தகரம்போல் ஒலித்தால் 80-க்கு இறக்குங்கள். அதற்குப் பிறகுதான் இரைச்சல் நீக்கும் கருவி, அதுவும் பாதி அளவுக்கு. முழுசாகத் திருப்பினால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். எஞ்சின் சத்தம் கொஞ்சம் இருக்கட்டும், பைக் வீடியோதானே.

அடுத்த தடவைக்கு: சின்னக் காலர் மைக்கை ஹெல்மெட்டின் கன்னத் திண்டுக்குள், வாயோரத்துக்குப் பக்கத்தில் செருகுங்கள். மைக்கின் மேல் ஸ்பாஞ்சு உறை இருக்க வேண்டும். உரக்கப் பேசும்போதும் அளவு −12 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். இன்னொன்று, எதுவும் பேசாமல் ஒரே வேகத்தில் பத்து நொடி ஓட்டி அந்தச் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பேச்சை வெட்டிய இடங்களில் அடியில் அதைப் பரப்பினால் வெட்டு காதுக்குத் தெரியாது.

ஒலியைத் தனி ரெக்கார்டரிலோ போனிலோ எடுப்பவர்களுக்கு வேறு ஒரு சிக்கல் வரும். தொடக்கத்தில் உதடும் ஒலியும் பொருந்தியிருக்கும், முடிவில் விலகியிருக்கும். இரண்டு கருவிகளின் கடிகாரமும் மயிரிழை வித்தியாசத்தில் ஓடுகின்றன. 40 நிமிடத்தில் 6 ஃபிரேம் விலகுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒலியை நீட்டிச் சுருக்கிக் குழப்ப வேண்டாம். ஏழு நிமிடத்துக்கு ஒரு தடவை, பேச்சில்லாத இடத்தில் வெட்டி ஒரு ஃபிரேம் நகர்த்திவிடுங்கள். எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரிய, கிளம்பும்போதும் முடிக்கும்போதும் கேமரா முன் ஒரு தடவை கைதட்டுங்கள். போனில் எடுத்த வீடியோ என்றால் ஃபிரேம் வேகமே மாறி மாறி எழுதப்பட்டிருக்கலாம். அதை ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட்டிங்குக்கு எடுங்கள்.

சாலை ஜெல்லிபோல் நெளிகிறது

அசலிலேயே இருக்கும். எஞ்சின் அதிர்வு கேமராவுக்குப் போய், சென்சார் வரிவரியாகப் படிப்பதால் நேர்கோடுகள் வளைகின்றன. எடிட்டிங்கில் இதற்கு முழுத் தீர்வு இல்லை. ஹேண்டில்பாரிலிருந்து கேமராவைக் கழற்றி ஹெல்மெட்டின் தாடைப் பகுதிக்கு மாற்றுங்கள். நம் தலையும் கழுத்தும் அதிர்வைக் குடித்துவிடும்.

இரவில் கடைத்தெரு மினுக்குகிறது

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்குகின்றன. கேமராவின் ஆன்டி ஃப்ளிக்கர் (மினுக்கல் தடுப்பு) செட்டிங் 60-இல் இருந்தால் படத்தில் கோடுகள் ஊர்ந்து போகும். 50-க்கு மாற்றி, 25 அல்லது 50 ஃபிரேமில் எடுத்து, டைம்லைனையும் 25-க்கு வையுங்கள். 30 ஃபிரேமில்தான் வேண்டும் என்றால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் பூட்டுங்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் படம் கெடுகிறது

செட்டிநாட்டில் பைக் வீடியோ எடுக்கிற எல்லோருக்கும் வருவது இது. கானாடுகாத்தானில் வெயில் அடிக்கும் தெரு, திண்ணை ஏறி முகப்பைத் தாண்டினால் மங்கிய ஒளி, அடுத்து வளவில் வானம் திறந்த முற்றம், மறுபடி அடுத்த பகுதியான இரண்டாங்கட்டில் இருட்டு. பத்து அடிக்கு ஒரு வெளிச்சம். கேமரா ஒவ்வொன்றுக்கும் தன்னைச் சரிசெய்துகொள்ள ஒரு நொடி எடுக்கும். அந்த நொடியில் வாசல் வெள்ளையாகப் பொங்கும், பர்மா தேக்குத் தூண் கறுத்துப் போகும். ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பு ஒரு அறையில் ஆரஞ்சாகவும் அடுத்த அறையில் ஊதா சாயலோடும் வரும்.

இதை எடிட்டிங்கில் சரிசெய்ய வாசற்படியில் வெட்டுங்கள். நிலைவாசலின் மரம் சட்டகத்தை நிறைக்கும் ஃபிரேம் ஒன்று கட்டாயம் கிடைக்கும், நான்கைந்து ஃபிரேம் முழுக்கத் தேக்கு நிறம்தான். அங்கே வெட்டி, வெளிச்சம் மாறும் நொடியைத் தூக்கிவிட்டு, உள்ளே படம் நிலைத்த பிறகு வரும் ஃபிரேமோடு ஒட்டுங்கள். கண்ணுக்கு அது ஒரே அடியாகத்தான் தெரியும். வெட்டின இரண்டு பக்கத்துக்கும் வண்ணத்தைத் தனித்தனியாகச் சரிசெய்யலாம், ஒரே கிளிப்பில் கீஃபிரேம் போட்டு (இடத்துக்கு இடம் அளவை மாற்றி) மல்லுக்கட்ட வேண்டாம். வெளியே எடுக்கும்போதே ஒயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் செட்டிங்) 5500 கெல்வினில் பூட்டிவிட்டால் நிறம் தாவும் தொல்லையில் பாதி குறையும்.

ஒவ்வொரு அடிக்கும் படம் மங்கித் தெளிகிறது என்றால் அது வேறு. இருட்டில் கேமரா ஷட்டரை மெதுவாக்குகிறது. நீங்கள் நடக்கிற குலுக்கலில் ஃபிரேம் கலங்கிவிடுகிறது. ஸ்டெபிலைசேஷன் ஆட்டத்தை நிறுத்துமே தவிர, கலங்கியதைத் தெளிவாக்காது. உள்ளே போனதும் ஐஎஸ்ஓ (கேமரா ஒளியை உணரும் திறன்) உச்சவரம்பை 1600-க்கு ஏற்றுங்கள். அதைவிட நல்லது, நடப்பதை விட்டுவிட்டு நின்று எடுப்பது. கதவுக் குமிழ், கூரையின் மர வேலைப்பாடு, முற்றத்துக் கல்லில் விழும் வெயில் கட்டம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நொடி. நின்று எடுத்த அந்தத் துண்டுகள்தான் கடைசியில் வீடியோவில் நிற்கின்றன.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இவை மக்கள் வாழ்கிற வீடுகள். வாசலில் கேமராவை அணைத்துவிட்டு, "ஆச்சி, உள்ளே வீடியோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டுவிட்டு நுழையுங்கள். சாமி அறைப் பக்கம் வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பக்கம் கேமராவும் திரும்ப வேண்டாம்.

எல்லாம் சரி, ஆனால் எடிட்டிங் முடியவே மாட்டேன் என்கிறது

ஒன்பது கோயில் பயணத்தின் ஐந்து மணி நேரப் பதிவை முதலிலிருந்து உட்கார்ந்து பார்த்தேன். பார்த்து முடிக்கவே இரண்டு இரவு போனது. அதன் பிறகு முறையை மாற்றிக்கொண்டேன்.

வண்டியில் பேசும்போது ஒரே விஷயத்தை மூன்று தடவை சொல்வோம். முதலில் தடுமாறும், அப்புறம் ஹாரன் குறுக்கே வரும், மூன்றாவது நன்றாக வரும். நன்றாக வந்த உடனே, வண்டி நின்றிருக்கும்போது அல்லது சாலை காலியாக இருக்கும்போது, இடது கையால் ஹெல்மெட்டை இரண்டு தட்டு தட்டுவேன். டக், டக். டைம்லைனில் ஒலி அலையைப் பார்த்தால் பனைமரம்போல் இரண்டு உயரக் கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அங்கிருந்து பின்னோக்கிப் போய் பேச்சின் தொடக்கத்தைப் பிடித்து வெட்டுவேன். அதற்கு முந்தைய இரண்டு தடுமாற்றங்களையும் கேட்க வேண்டியதே இல்லை. கோப்ரோவில் ஹைலைட் குறி போடும் வசதியும் உண்டு. தட்டுவது எந்தக் கேமராவிலும் நடக்கும், கையுறை போட்ட கையால் பட்டன் தேட வேண்டாம்.

வெட்டும் வரிசை: முதலில் குரல் மட்டும். படத்தைப் பார்க்காமல் பேச்சை அடுக்கிவிட்டால் வீடியோவின் நீளம் தெரிந்துவிடும். அப்புறம் அதன் மேல் நின்று எடுத்த துண்டுகள். வண்ணமும் இசையும் கடைசியில். வண்ணத்தை முதலில் தொட்டால் பிறகு தூக்கி எறியப்போகும் கிளிப்புக்கும் சேர்த்து உழைப்பீர்கள். கிளிப் தேடும்போது ஜே, கே, எல் விசைகளை (பின்னோக்கி, நிறுத்து, முன்னோக்கி) வைத்து இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். கோப்ரோ கார்டில் எல்ஆர்வி என்று முடியும் சின்ன ஃபைல்கள் இருக்கும், அவை அதே காட்சியின் சிறிய நகல்கள். ஃபைல் பெயரின் முடிவை எம்பி4 என்று மாற்றினால் போனிலேயே ஓடும். பஸ்ஸில் போகும்போது பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

இப்போது ஊர் எல்லையில் ஒரு நிமிடம், ஊருணிக் கரையில் ஒரு நிமிடம், கோயில் வாசலில் ஒரு நிமிடம், நடுவில் நல்ல வளைவு வந்தால் அது. ஒரு நாள் பயணத்துக்கு நாற்பது நிமிடப் பதிவைத் தாண்டுவதில்லை, எடிட்டிங் ஒரே மாலையில் முடிகிறது.

ஏற்றிய பிறகு செம்மண்ணும் இலையும் கட்டம் கட்டமாக உடைகின்றன

எக்ஸ்போர்ட் ஃபைலை விஎல்சி பிளேயரில் பாருங்கள். அதிலேயே உடைந்திருந்தால் பிட்ரேட் (நொடிக்கு எழுதும் தரவின் அளவு) போதவில்லை. யூடியூப் பரிந்துரைப்பது 1080-க்கு 30 ஃபிரேமில் 8 எம்பிபிஎஸ், 60 ஃபிரேமில் 12. 4கே-க்கு 30 ஃபிரேமில் 35 முதல் 45, 60 ஃபிரேமில் 53 முதல் 68. பைக் வீடியோவில் ஒவ்வொரு ஃபிரேமிலும் எல்லாமே மாறுகிறது. அதனால் நான் எப்போதும் மேல் அளவையே எடுத்துக்கொள்கிறேன்.

எக்ஸ்போர்ட் சுத்தமாக இருந்து யூடியூபில் மட்டும் உடைந்தால் முதலில் பொறுத்திருங்கள். ஏற்றியவுடன் குறைந்த தரம்தான் தயாராகும், 4கே தயாராக நேரம் எடுக்கும். மறுநாளும் அப்படியே இருந்தால், 1080-இல் முடித்த வீடியோவாக இருந்தாலும் 1440 அளவுக்குப் பெரிதாக்கி எக்ஸ்போர்ட் செய்து ஏற்றுங்கள். பெரிய அளவுக்கு யூடியூப் கூடுதல் பிட்ரேட் ஒதுக்குகிறது. அடுத்த பயணத்தில் கேமராவின் ஷார்ப்னஸைக் 'குறைவு' என்று வைத்துப் பாருங்கள். சரளைக்கல்லின் ஒவ்வொரு விளிம்பையும் கூர்மையாக்கினால் சுருக்கும்போது அதுதான் முதலில் உடையும். ஒலியை −14 எல்யுஎஃப்எஸ் (மொத்தச் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவாருங்கள். அதைவிடச் சத்தமானதை யூடியூப் தானே குறைக்கும், மெலிந்த ஒலியைக் கூட்டாது.

காப்புரிமை அறிவிப்பு வருகிறது, நான் பாட்டே போடவில்லை

போட்டிருக்க மாட்டீர்கள், டீக்கடை போட்டிருக்கும். வண்டியை நிறுத்தி டீ குடித்த மூன்று நிமிடத்தில் பின்னால் ஓடிய சினிமாப் பாட்டு போதும். திருவிழாக் காலமென்றால் குழாய் ஸ்பீக்கர் சத்தம் ஊருக்கு வெளியேயே தொடங்கிவிடும். இப்படி வருவது பெரும்பாலும் உரிமைக் கோரல்தான், சேனலுக்கு ஸ்ட்ரைக் (விதிமீறல் நடவடிக்கை) விழுந்ததாகப் பொருள் இல்லை, பதற வேண்டாம். யூடியூப் ஸ்டுடியோவில் அந்தப் பகுதியில் பாட்டை மட்டும் நீக்கவோ, ஒலியை முழுசாக நிறுத்தவோ, அந்தத் துண்டையே வெட்டவோ வழி இருக்கிறது. வீடியோவை அழித்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டியதில்லை. இன்னும் ஏற்றவில்லை என்றால் டீக்கடைக் காட்சியின் ஒலியை டைம்லைனிலேயே எடுத்துவிட்டு, முன்பு பதிவு செய்த பத்து நொடி வண்டிச் சத்தத்தை அடியில் பரப்பி, மேலே உங்கள் குரலை வையுங்கள்.